உரம் சேரச் சேரக் கடற்புல் ஏன் அழிகிறது?

வயலுக்கு உரம் போட்டால் பயிர் செழிக்கிறது. அதே உரம் மழைநீரோடு அடித்துச் செல்லப்பட்டுக் கடலில் சேர்ந்தால், அங்கே இருக்கும் புல்லும் செழிக்கத்தானே வேண்டும்? பள்ளி மாணவர் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் பெரும்பாலான செய்திகள் இதற்குப் பதில் சொல்வதில்லை. ‘உரக் கழிவு கலந்ததால் கடற்புல் அழிந்தது’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. ஏதோ நஞ்சு கடலில் கலந்து புல்லைக் கருக்கிவிட்டது என்றுதான் படிப்பவர் எண்ணிக்கொள்வார். இன்னொரு பக்கம், சத்து என்றால் நல்லதுதான், கடலுக்கும் கொஞ்சம் போகட்டுமே என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு எண்ணங்களும் நடப்பதைத் தொடவில்லை. கடற்புல் பெரும்பாலும் நஞ்சால் சாவதில்லை. வெளிச்சம் கிடைக்காமல் சாகிறது. கரையிலிருந்து வரும் சத்து புல்லின் போட்டியாளர்களைக் கொழுக்க வைக்கிறது. அவை புல்லுக்கும் சூரியனுக்கும் நடுவே வந்து நின்றுகொள்கின்றன. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால், எந்த ஆழத்துப் புல் முதலில் போகிறது, அழிவு ஏன் திடீரென்று வருகிறது, போன புல் ஏன் எளிதில் திரும்புவதில்லை என்ற மற்றக் கேள்விகளுக்கும் வழி திறந்துவிடும்.

கடற்புல் எது, எது அல்ல

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். கடற்புல்லும் கடற்பாசியும் ஒன்றல்ல. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பூ கிடையாது, தேவையான சத்தைத் தன் உடல் முழுவதாலும் நீரிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். கடற்புல் பூக்கும் தாவரம். வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாம் உண்டு. இதன் முன்னோர்கள் நிலத்தில் வாழ்ந்தவை. டைனோசர்கள் உலவிய காலத்திலேயே கடலுக்குள் இறங்கி, உப்பு நீரில் மூழ்கியபடி வாழப் பழகிக்கொண்டவை. பெரும்பாலான இனங்களில் மகரந்தச் சேர்க்கைகூட நீருக்கடியில்தான் நடக்கிறது. உலகில் ஏறத்தாழ 70 இனங்கள் இருக்கின்றன. அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களின் கரையோரங்களிலும், வெளிச்சம் தரைவரை எட்டும் ஆழமற்ற கடலில் இவை வளர்கின்றன.

இந்தப் புல்லின் ஒரு பாகத்தை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மட்டநிலத்தண்டு. மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டுக்கு இந்தப் பெயர். வேர்கள் அதிலிருந்து கீழே இறங்குகின்றன, இலைகள் மேலே எழுகின்றன. பல இனங்களில் கண்ணுக்குத் தெரியும் இலைகளைவிட மண்ணுக்குள் மறைந்திருக்கும் இந்தப் பகுதியே எடையில் அதிகம். இனி வரப்போகும் சிக்கலின் தொடக்கம் இங்கேதான் இருக்கிறது.

கடற்புல் வெளியால் என்ன பயன் என்பதைப் பலரும் எழுதிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மீன் குஞ்சுகளும் இறாலும் நண்டும் அதில் ஒளிந்து வளர்கின்றன. கடற்பசுவும் பச்சை ஆமையும் அதை மேய்கின்றன. இலைகள் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன. வேர்கள் மணலைப் பிடித்து வைக்கின்றன. இந்தக் கடைசிப் பயனுக்கு மட்டும் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வருவோம்.

சம்பாதிப்பவர் ஒருவர், உண்பவர் பலர்

வெளிச்சக் கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் சம்பளம். முதியவர்களும் குழந்தைகளுமாக ஏழெட்டுப் பேர் அதை நம்பியிருக்கிறார்கள். பக்கத்து அறையில் தனி ஆள் ஒருவர். அவர் சம்பாதிப்பது அவருக்கே. ஊரில் எல்லோருக்கும் கூலியைப் பாதியாகக் குறைத்தால் தனி ஆள் எப்படியோ சமாளிப்பார். குடும்பம் முதல் மாதமே கையிருப்பைக் கரைக்கத் தொடங்கும்.

கடற்புல்லின் இலைதான் அந்தச் சம்பாதிப்பவர். வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கும் ஒளிச்சேர்க்கை அங்கேதான் நடக்கிறது. வேரும் மட்டநிலத்தண்டும் எதையும் சம்பாதிப்பதில்லை. ஆனால் இரவும் பகலும் அவை சுவாசிக்க வேண்டும். அதற்குச் சர்க்கரையும் ஆக்சிஜனும் இலையிலிருந்தே வர வேண்டும். நீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசிதான் தனி ஆள். அதன் உடல் முழுவதும் சம்பாதிக்கும் உடல். சுமக்க வேண்டியவர் எவரும் இல்லை.

இந்த வேறுபாடு அளவிலும் தெரிகிறது. நீரின் மேற்பரப்பில் விழும் வெளிச்சத்தில் 1 சதவீதம், சில நேரம் அதைவிடவும் குறைவாகக் கிடைத்தாலே மிதவைப் பாசிகள் பலவற்றுக்குப் போதும். கடற்புல்லுக்குச் சராசரியாக 11 சதவீதம் வேண்டும். இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் இது மாறும். சேறு நிறைந்த இடங்களில் 20 சதவீதத்துக்கு மேல் கேட்கும் இனங்களும் உண்டு.

சேற்றுக்கும் வெளிச்சத்துக்கும் என்ன தொடர்பு? கடலடிச் சேற்றில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே ஆக்சிஜன் இருப்பதில்லை. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி, ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியேற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அதே வாயுதான். வேருக்கு இது உண்மையிலேயே நஞ்சு. கடற்புல் இதைச் சமாளிக்கும் விதம் வியக்க வைப்பது. இலை முதல் வேர் வரை அதன் உடலுக்குள் காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. பகலில் ஒளிச்சேர்க்கையின்போது உண்டாகும் ஆக்சிஜன் அந்தக் குழாய்கள் வழியே வேருக்கு இறங்கி, வேரைச் சுற்றியுள்ள மண்ணிலும் கொஞ்சம் கசிகிறது. அங்கே சல்ஃபைடு தீங்கற்ற பொருளாக மாறிவிடுகிறது. ஆக, புல்லுக்கு வெளிச்சம் சோறு மட்டுமன்று, காவலும்கூட. வெளிச்சம் குறைந்தால் இரண்டும் சேர்ந்தே குறைகின்றன.

இதுவரை பார்த்ததன் சாரம்: கடற்புல் வேருள்ள தாவரம். வேரைக் காப்பாற்ற வேண்டியிருப்பதால், பாசியைவிடப் பல மடங்கு வெளிச்சம் அதற்குத் தேவை. இனிச் சத்தின் கதைக்கு வருவோம்.

சத்து எங்கிருந்து வருகிறது

இங்கே சத்து என்று சொல்வது முதன்மையாக இரண்டு பொருள்களை: நைட்ரஜன், பாஸ்பரஸ். உழவர் மொழியில் தழைச்சத்தும் மணிச்சத்தும். தாவரம் எதுவானாலும் இவை இல்லாமல் வளராது. கரையோரக் கடலில் இவை இயல்பாகவே குறைவு. அந்தக் குறைவுதான் பாசியை அடக்கி வைத்திருக்கிறது. குளிர்ப் பகுதிக் கடல்களில் பெரும்பாலும் நைட்ரஜனுக்குப் பஞ்சம். சுண்ணாம்பு மணல் நிறைந்த வெப்பப் பகுதிகளில் பல இடங்களில் பாஸ்பரசுக்குப் பஞ்சம். சுண்ணாம்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காற்றில் உள்ள நைட்ரஜனைத் தொழிற்சாலையில் உரமாக மாற்றும் முறை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அதன் பிறகுதான் மனிதர் கையாளும் நைட்ரஜனின் அளவு எகிறியது. உலக அளவில் பார்த்தால், வயலில் இடும் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதியைத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் ஒரு பகுதி காற்றில் போகிறது, ஒரு பகுதி நீரில் போகிறது. நைட்ரேட் வடிவில் உள்ள நைட்ரஜன் நீரில் எளிதில் கரைந்து மண்ணுக்குள் இறங்கும். பாஸ்பரஸ் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு, மண் அரிப்போடு சேர்ந்து ஓடும். வயலிலிருந்தும் தெருவிலிருந்தும் இப்படி மழைநீரோடு கடலை நோக்கி ஓடும் சத்தைத்தான் ‘ஊட்டச்சத்து வழிந்தோட்டம்’ என்கிறார்கள்.

வயலை மட்டும் குற்றம் சாட்டுவது சரியில்லை. சுத்திகரிக்கப்படாத சாக்கடை, கால்நடைப் பண்ணைக் கழிவு, வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி, வாகனப் புகையிலிருந்து மழையோடு விழும் நைட்ரஜன் எல்லாம் சேர்ந்ததே மொத்தக் கணக்கு. எது முதன்மை என்பது இடத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வாக்வாய்ட் விரிகுடா என்று ஒன்று இருக்கிறது. அங்கே கடற்புல்லுக்கு வினையானதில் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தொட்டியிலிருந்து கசிந்த நைட்ரஜன் நிலத்தடி நீரில் கலந்து, கண்ணில் படாமல் கடலுக்கு வந்து சேர்ந்தது. வீடுகள் நெருக்கமான பகுதியை ஒட்டிய விரிகுடாவின் கிளைநீரில் புல் மறைந்தது. வீடுகள் அதிகம் இல்லாத கிளைநீரில் தப்பியது. நிலத்தடி நீர் நகரும் வேகம் குறைவு என்பதால், இன்று கடலில் ஊறும் நைட்ரஜன் பல ஆண்டுகளுக்கு முன் மண்ணில் இறங்கியதாக இருக்கலாம். ‘நாங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம், கடல் இன்னும் தெளியவில்லையே’ என்ற புகாருக்கு இது ஒரு பதில்.

நீரில் சத்து அளவுக்கு மீறிச் சேர்ந்து, அதனால் பாசி பெருகி, நீரின் இயல்பே மாறிப்போவதை ‘மிகையூட்டம்’ என்கிறோம்.

நிழல் விழும் மூன்று வழிகள்

சத்து வந்து சேர்ந்ததும் புல்லும் பாசியும் ஒரே நேரத்தில்தான் பந்திக்கு உட்காருகின்றன. ஆனால் வேகத்தில் பெரிய வித்தியாசம். ஒற்றைச் செல் பாசி ஓரிரு நாளில் இரட்டிப்பாகும். புல் ஒரு புதிய இலை விடவே நாள்கள் அல்லது வாரங்கள் ஆகும். மேலும், கடற்புல் தன் உடலைக் கட்டுவதற்கு ஒப்பீட்டளவில் குறைந்த சத்தே போதும்; மண்ணில் இருப்பதையும் வேரால் எடுத்துக்கொள்ளும். சத்துப் பஞ்சமான தெளிந்த நீரில் புல் வெல்வது இதனால்தான். பஞ்சம் நீங்கினால் அந்தச் சிறப்புக்கு மதிப்பில்லாமல் போகிறது. பிறகு போட்டி வெளிச்சத்துக்காக நடக்கிறது. அதில் மேலே இருப்பவருக்கே வெற்றி.

முதல் நிழல் நீருக்குள்ளேயே விழுகிறது. மிதவைப் பாசிகள் பெருகி நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறும். பச்சைக் கடல் வளமான கடல் என்று பலர் நினைக்கிறார்கள். கடற்புல்லைப் பொறுத்தவரை அது இருட்டுக் கடல். நீரின் தெளிவை அளக்க 1865-இல் இத்தாலிய அறிவியலாளர் ஆஞ்செலோ செக்கி ஓர் எளிய வழி கண்டார். ஒரு வெள்ளை வட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்வதுதான் அது. அதன் பெயரே செக்கி வட்டு. இன்றும் கடற்புல் ஆய்வாளர்கள் அதைக் கையோடு கொண்டு போகிறார்கள்.

வெளிச்சம் நீரில் குறையும் விதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு மீட்டர் நீரும் தனக்குள் வரும் வெளிச்சத்தில் ஒரே விகிதத்தைப் பிடித்துக்கொள்கிறது. மீட்டருக்கு 20 சதவீதம் போகிறது என்று வையுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 11 சதவீதம் மிஞ்சும். புல்லுக்குச் சரியாகப் போதும். நீர் சற்றே கலங்கி, மீட்டருக்கு 30 சதவீதம் போனால், அதே 11 சதவீதம் 6 மீட்டருக்குச் சற்றுக் கீழேயே தீர்ந்துவிடும். மேலே படகில் இருப்பவர் கண்ணுக்கு இந்த மாற்றம் பெரிதாகத் தெரியாது. ஆனால் 200 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் என்று மெல்லச் சரியும் கரையில், முக்கால் கிலோமீட்டர் அகலப் புல்வெளி இருட்டுக்குள் போய்விடும். அழிவு ஆழமான விளிம்பில் தொடங்கிக் கரையை நோக்கி நகர்வது இப்படித்தான். டென்மார்க்கின் ஆய்வாளர்கள் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே தங்கள் கடற்புல் எந்த ஆழம்வரை வளர்கிறது என்று அளந்து வைத்திருந்தார்கள். நூறு ஆண்டு கழித்துப் பார்த்தபோது பல இடங்களில் அந்த ஆழம் ஏறத்தாழ பாதியாகியிருந்தது. பழைய குறிப்பேடுகள் இல்லாத நாடுகளில் இப்படி ஓர் இழப்பு நடந்ததே தெரியாமல் போயிருக்கும்.

இரண்டாவது நிழல் இலையின் மேலேயே படிகிறது. கடற்புல் இலைகளில் நுண்ணிய பாசிகள் எப்போதும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். இவற்றை ஒட்டுப்பாசி என்போம். சத்து மிகும்போது இவை தடித்து, இலையே தெரியாதபடி வழுவழுப்பாக மூடிவிடும். நீர் தெளிவாக இருந்தாலும் இலைக்குள் வெளிச்சம் போகாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் காக்பர்ன் சவுண்ட் என்ற கடற்பகுதியில் நடந்தது பெரும்பாலும் இதுதான். உர ஆலை உட்படப் பல தொழிற்சாலைகளின் கழிவுநீர் அங்கே விடப்பட்டது. 1960-களின் இறுதியில் தொடங்கிய அழிவில், நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட புல்வெளி போனது. அதில் பெரும்பகுதி போக ஒரு சில ஆண்டுகளே பிடித்தன.

மூன்றாவது, தரையில் புரளும் பெரும்பாசிகள். இவை இலைக் கட்டுகள்போலத் திரண்டு புல்லின் மேல் கிடக்கும். சில இடங்களில் முழங்கால் உயரம்கூட வரும். இவை வெளிச்சத்தையும் மறைக்கும், நீரோட்டத்தையும் தடுக்கும்.

இந்த மூன்றில் எது முந்தும் என்பது நீர் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. அலை நன்றாக வந்துபோகும் இடத்தில் மிதவைப் பாசி அடித்துச் செல்லப்படும்; ஒட்டுப்பாசி தங்கிவிடும். தேங்கிய காயலில் மிதவைப் பாசியே அரசு செய்யும்.

பாசி செத்த பிறகு

பெருகிய பாசி சாகவும் செய்யும். செத்த பாசி தரையில் படிந்து அழுகும்போது பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை. எல்லோரும் சுவாசிக்க மட்டுமே செய்கிறார்கள். விடியலுக்கு முன் ஆக்சிஜன் மிகவும் தாழ்ந்துவிடும். அப்போது இலையிலிருந்து வேருக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது. அதே நேரம், அழுகும் பொருள் மண்ணில் சேர்வதால் சல்ஃபைடு உற்பத்தி கூடுகிறது. காவல் தளர்ந்த வேளையில் எதிரி பெருத்துவிடுகிறான். நீர் சூடாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: வெப்பம் ஏற ஏறச் சுவாசச் செலவு கூடிக்கொண்டே போகும், ஒளிச்சேர்க்கை வரவு அந்த அளவுக்குக் கூடாது. சம்பளம் குறைந்த குடும்பத்தில் விலைவாசியும் ஏறியதுபோல.

சத்தே நேரடியாகப் புல்லைத் தாக்குவதும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அம்மோனியம் வடிவ நைட்ரஜன் அளவு மிஞ்சினால் சில கடற்புல் இனங்களுக்கு நஞ்சாகிறது. இன்னொன்றும் இருக்கிறது. மித வெப்பக் கடல்களில் பரவலாக உள்ள ஈல்புல் என்ற இனத்துக்கு நைட்ரேட் உறிஞ்சுவதை நிறுத்தத் தெரியாது. உறிஞ்சியதைப் புரதப் பொருளாக மாற்றியாக வேண்டும். அதற்குச் சேமித்த சர்க்கரை செலவாகும். வரவு குறைந்த நேரத்தில் இந்தச் செலவு புல்லை உள்ளிருந்தே அரிக்கும். ஆகவே நஞ்சு என்று பேசுவோர் முழுக்கப் பொய் சொல்லவில்லை. ஆனால் பரந்த வெளிகள் மறைந்ததற்கு முதற்காரணம் தேடினால், பெரும்பாலும் வெளிச்சத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

கொஞ்சம் சத்து நல்லதுதானே?

சில இடங்களில் ஆம். பாஸ்பரஸ் பஞ்சமான ஃபுளோரிடா விரிகுடாவில் 1980-களில் நடந்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆழமற்ற நீரில் கம்புகளை நட்டு, பறவைகள் உட்கார வசதி செய்தார்கள். பறவைகள் உட்கார்ந்தன, எச்சமிட்டன, கீழே இருந்த புல்லுக்கு உரம் கிடைத்தது. செலவில்லாத உரமிடும் இயந்திரம்! புல் முதலில் செழித்தது உண்மை. ஆனால் ஆண்டுகள் போகப் போக, அங்கே காலங்காலமாக இருந்த ஆமைப்புல் என்ற மெதுவாக வளரும் இனம் ஒதுங்கி, வேகமாக வளரும் மெல்லிய இனம் ஒன்று இடத்தைப் பிடித்தது. சில இடங்களில் கம்புகளை எடுத்துவிட்ட பிறகும், இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது பழைய நிலை திரும்பியிருக்கவில்லை. சுண்ணாம்பு மண் அந்தப் பாஸ்பரசை விடாமல் பிடித்து வைத்திருந்தது.

சிறிய அளவுச் சத்து புல்லின் வளர்ச்சியைக் கூட்டலாம். நடுத்தர அளவு இனங்களை மாற்றும். பெரிய அளவு எல்லாப் புல்லையும் நீக்கிவிட்டுப் பாசியை உட்கார வைக்கும். எது சிறிது, எது பெரிது என்று எல்லாக் கடலுக்கும் பொதுவான ஓர் எண்ணைச் சொல்ல முடியாது.

ஏன் திடீரென்று?

மீனவர்கள் அடிக்கடி சொல்லும் ஒன்று, ‘போன வருடம் இருந்தது, இந்த வருடம் இல்லை’ என்பது. சத்து பல பத்தாண்டுகளாக மெல்ல ஏறியிருக்கும். புல் மட்டும் ஒரே பருவத்தில் மறைந்திருக்கும். ஏன்?

ஒரு காரணம், மட்டநிலத்தண்டில் உள்ள சேமிப்பு. வெளிச்சம் குறைந்தாலும் புல் சேமிப்பை எடுத்துச் சில வாரங்கள், சில பெரிய இனங்கள் பல மாதங்கள்கூடச் சமாளிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பச்சையாகவே இருக்கும். உள்ளே இருப்பு கரைந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. புல்வெளி தன் நீரைத் தானே தெளிய வைத்துக்கொள்கிறது. இலைகள் நீரோட்டத்தைத் தணிப்பதால் வண்டல் கீழே படிகிறது. வேர்கள் அதை எழும்ப விடுவதில்லை. புல் ஓரளவு குறைந்ததும் வண்டல் கிளம்பிக் கலங்கல் கூடுகிறது. கலங்கலால் மேலும் புல் குறைகிறது. அதனால் மேலும் கலங்கல். விளைவே காரணமாக மாறித் தன்னைத் தானே ஊக்கிக்கொள்ளும் இத்தகைய சுழற்சிக்கு ‘பின்னூட்டம்’ என்று பெயர். இந்தச் சுழற்சி தொடங்கிய பிறகு, சத்தைப் பழைய அளவுக்குக் குறைத்தாலும் போதாது. புல் மறைந்தபோது இருந்த சத்தின் அளவைவிட இன்னும் கீழே இறக்கினால்தான் புல் திரும்பும். போகும் வழியும் திரும்பும் வழியும் வேறுவேறு.

இதன் கொடிய உதாரணம் ஃபுளோரிடாவின் இந்தியன் ஆற்றுக் காயல். பெயர்தான் ஆறு, அது 250 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் உப்பங்கழி. வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி, தோட்ட உரம், நகர மழைநீர் எல்லாம் அங்கே பல காலமாகச் சேர்ந்துவந்தன. 2011-இல் ஒரு பெரும் பாசிப் பெருக்கம் வந்தது. அடுத்தடுத்து வேறு பெருக்கங்களும் தொடர்ந்தன. பாதிக்கும் மேற்பட்ட புல்வெளி போய்விட்டது. அந்தப் புல்லை நம்பியிருந்த மானட்டீ என்ற பெரிய கடல் பாலூட்டிகள் பட்டினியால் இறந்தன. 2021-இல் மட்டும் ஃபுளோரிடாவில் சுமார் 1,100 மானட்டீகள் எல்லாக் காரணங்களாலும் சேர்த்து இறந்தன; அட்லாண்டிக் கரையில் பட்டினியே பெரிய காரணம். அந்தக் குளிர்காலத்தில் அதிகாரிகள் டன் கணக்கில் லெட்டூஸ் கீரை வாங்கிப் போட்டார்கள். காட்டு விலங்குக்குக் கடையில் வாங்கிய கீரை. அதற்குமேல் அந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

உலகக் கணக்கு ஒன்றும் சொல்லிவிடுகிறேன். 2009-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, 1980 முதல் ஆண்டுக்குச் சுமார் 110 சதுர கிலோமீட்டர் கடற்புல் வெளி மறைந்துவந்திருக்கிறது. இதில் எல்லாக் காரணங்களும் அடங்கும்: தூர்வாருதல், படகுச் சேதம், நோய், வெப்பம். சத்து மாசு மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுருக்கம்: சத்து பாசியை வளர்க்கிறது, பாசி வெளிச்சத்தை மறைக்கிறது, புல்லின் சேமிப்பு தீர்கிறது, சல்ஃபைடு வேரைத் தாக்குகிறது, புல் போனதும் வண்டல் கிளம்பி இருட்டை நிலைக்க வைக்கிறது.

பாசியைத் தின்பவர்கள்

மேலே சொன்ன சங்கிலியில் ஒரு கண்ணியை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். இலையில் ஒட்டுப்பாசி படிந்தால், அதைச் சுரண்டித் தின்னும் சிறு நத்தைகளும் ஓடில்லாக் கடல் நத்தைகளும் இறால் போன்ற சிற்றுயிர்களும் அங்கேயே இருக்கின்றன. அவை போதுமான அளவில் இருந்தால் சத்து மிகுந்த நீரிலும் இலை சுத்தமாக இருக்கும்.

கலிஃபோர்னியாவின் எல்க்ஹார்ன் ஸ்லூ என்ற கழிமுகத்தைச் சுற்றி எங்கும் விவசாய நிலம். அங்கே வந்து விழும் உரச் சத்தின் அளவுக்குக் கடற்புல் இருக்கவே கூடாது. ஆனால் 1984-இல் கடல் நீர்நாய்கள் அங்கே குடியேறிய பிறகு புல் கூடத் தொடங்கியது. நீர்நாய் நண்டைத் தின்றது. நண்டு குறைந்ததால், நண்டு தின்றுவந்த சிற்றுயிர்கள் பெருகின. அவை ஒட்டுப்பாசியைச் சுரண்டின. இலைக்கு வெளிச்சம் கிடைத்தது. இடையில் நீர்நாய் குறைந்த ஆண்டுகளில் புல்லும் பின்வாங்கியது. இதை வைத்து, உரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், நீர்நாய் போதும் என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். ஒட்டுப்பாசி நிழலுக்குத்தான் இந்த மருந்து. நீரே பச்சையாகிவிட்டால் எந்த நத்தையும் அதைச் சுரண்ட முடியாது.

போன புல் திரும்புமா

திரும்பிய இடங்கள் உண்டு. ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் 1950-ஐ ஒட்டிச் சுமார் 16,000 ஹெக்டேர் கடற்புல் இருந்தது. 1982-இல் 9,000 ஹெக்டேருக்கும் குறைவு. 1970-களின் இறுதியில் நகரத்தின் கழிவுநீர் ஆலை நைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் அளவுக்கு மேம்படுத்தப்பட்டது; பிறகு விரிகுடாவைச் சுற்றியிருந்த மற்றவர்களும் சேர்ந்து நைட்ரஜனுக்கு வரம்பு வைத்தார்கள். நீர் தெளிய ஆண்டுகள் ஆயின, புல் வர இன்னும் சில ஆண்டுகள். 2016-இல் 16,800 ஹெக்டேரைத் தொட்டது. உலகமே எடுத்துக்காட்டிய வெற்றி. அதற்குப் பின் மீண்டும் சரிந்து 2022-இல் சுமார் 12,200 ஹெக்டேருக்கு இறங்கியது. நைட்ரஜனை ஒருமுறை குறைத்துவிட்டுக் கணக்கை மூடிவைக்க முடியாது என்பதற்கு இந்த விரிகுடாவே சான்று. நீர் சூடாகும்போது, நேற்றுத் தாங்கிய அளவை இன்று புல் தாங்குவதில்லை.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள செசபீக் விரிகுடாவில் 1980-களின் நடுப்பகுதியிலிருந்து நைட்ரஜன் செறிவு ஏறத்தாழ 23 சதவீதம் குறைந்தது. கடற்புல் உள்ளிட்ட, நீரில் மூழ்கி வளரும் தாவரங்கள் சுமார் 17,000 ஹெக்டேர் திரும்பின. காக்பர்ன் சவுண்டிலும் கழிவுநீரைக் குறைத்தார்கள், நீரும் பெருமளவு தெளிந்தது. ஆனால் புல் பெரிதாகத் திரும்பவில்லை. அங்கே போனது பொசிடோனியா என்ற வகை. அதன் மட்டநிலத்தண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்கள்தான் நகரும். வேகமாக வளரும் சிறு இனங்கள் சில ஆண்டுகளில் மீளும் இடத்தில், இதற்குப் பத்தாண்டுகள் பலவும் போதாமல் போகலாம்.

நட்டுவிட்டால் என்ன என்று உடனே கேட்கத் தோன்றும். நடலாம்; எங்கே நடுகிறோம் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் கடலோரக் காயல்களில் 1930-களில் ஒரு நோயும் புயலும் சேர்ந்து ஈல்புல்லைத் துடைத்துவிட்டிருந்தன. ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் விதை தூவத் தொடங்கினார்கள். இருபது ஆண்டுகளில் 7 கோடிக்கு மேல் விதைகள் போயின. 3,600 ஹெக்டேர் புல்வெளி வந்தது. அந்தக் காயல்களைச் சுற்றிப் பெரிய நகரமோ பெருமளவு உரமோ இல்லை. நீர் தெளிவாக இருந்தது, விதை மட்டுமே இல்லாமல் இருந்தது. பச்சை நீரில் நடும் திட்டங்களுக்கு இந்த வெற்றியை உதாரணம் காட்டுவது பொருந்தாது. முதலில் அந்த ஆழத்தில் ஓர் ஒளிமானியைக் கட்டி வைத்து, பருவங்கள் மாறும்வரை அளக்க வேண்டும். அந்த இனத்துக்குத் தேவையான வெளிச்சம் கிடைக்கவில்லை என்றால், நாற்றுக்கு ஒதுக்கிய பணத்தைக் கரையில் கழிவுநீர்க் குழாய்க்குச் செலவிடுவது மேல்.